ஃபிளிக்கர்: படங்கள் வழியே ஓர் அறிமுகம்

கனடாவின் வான்கூவர் நகரில் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் கேட்டரினா ஃபேக்கும் 2004இல் தொடங்கிய ஃபிளிக்கர், இணைய விளையாட்டு ஒன்றை உருவாக்கும் முயற்சியின் கிளையாகப் பிறந்து, ஒளிப்படக் கலைஞர்கள் ஒருவரையொருவர் கண்டறியும் தளமாக வளர்ந்தது. பின்னர் 2005இல் யாஹூ நிறுவனமும் 2018இல் ஸ்மக்மக் நிறுவனமும் அதை வாங்கின.

இத்தளத்தில் அறிமுகத்திற்கு முதல் வழி குறிச்சொல், அதாவது படம் எதைப் பற்றியது என்பதைச் சுட்ட அதை ஏற்றியவர் இணைக்கும் சொல். ‘மீன்கொத்தி’ எனக் குறிக்கப்பட்ட படம், அப்பறவையைத் தேடும் எவர் கண்ணிலும் படக்கூடும். இரண்டாம் வழியான குழு, ஒரே ஆர்வமுடையோர் தத்தம் படங்களைப் பொதுத் தொகுப்பில் சேர்த்து உரையாடும் இடமாகும்; படம் ஒன்றைச் சேர்ப்பவர் பிறர் படங்கள் சிலவற்றைப் பற்றியும் எழுத வேண்டும் என்னும் விதி சில குழுக்களில் உண்டு.

இவ்வழிகளில் உருவாகும் அறிமுகத்துக்குப் பயன் சேர்ப்பது எக்ஸிஃப் தரவு, அதாவது துளையளவு, ஷட்டர் வேகம் முதலியவற்றைக் கேமராவே படக்கோப்பில் பதித்து வைக்கும் குறிப்பு. பாயும் மீன்கொத்தியின் சிறகு கலங்காமல் பதிந்திருப்பதைக் காணும் புதியவர், ஷட்டர் திறந்திருந்தது நொடியில் 2000இல் ஒரு பங்கு நேரமே என்பதைப் படத்தின் அருகிலேயே படித்தறிந்து, தம் கேள்வியை அதிலிருந்து தொடங்கலாம். ‘அருமை’ என்னும் ஒற்றைச்சொல் பாராட்டைவிட, ஒளி விழுந்த கோணத்தையோ சட்டக அமைப்பையோ சுட்டிக் கேட்கப்படும் இத்தகைய கேள்வியே படமெடுத்தவரைப் பதிலெழுதத் தூண்டி, நீடித்த தொடர்புக்கு வழிவகுக்கிறது.