சில்வியா யாருக்குப் பேன் பார்த்தாள்?

பபூன் என்றதும் நமக்கு நாடக மேடைக் கோமாளிதான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது ஆப்பிரிக்காவில் வாழும் பபூன் குரங்கைப் பற்றி. கொஞ்ச நாளாக ராத்திரி ஆபீஸ் வேலை முடிந்ததும் இவற்றைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வீட்டுக் காரணம் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இடம், போட்ஸ்வானா நாட்டின் ஒக்கவாங்கோ டெல்டாவில் உள்ள மொரெமி சரணாலயம். டோரதி செய்னி, ராபர்ட் செய்ஃபார்த் என்ற தம்பதி 1992-ல் தொடங்கிப் பதினைந்து வருஷத்துக்கும் மேல் அங்கே ஒரு பபூன் கூட்டத்தை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு குரங்குக்கும் ஒரு பெயர் உண்டு.

குரங்குக் கூட்டம் என்றால் ஒரு பெரிய தாட்டான், அவனுக்குக் கீழேதான் மற்றவர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் ஆண்கள் வந்து போகிறவர்கள். வயசுக்கு வந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடுவார்கள், ஒரு வகையில் வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. பாட்டி, அம்மா, மகள், சித்தி என்று பெண்கள்தான் ஆயுசு முழுக்க ஒரே இடத்தில் இருப்பவர்கள். அந்தஸ்தும் அம்மா வழியாகத்தான் வருகிறது. மேல் குடும்பத்துச் சின்னப் பெண் வந்தால்கூட, கீழ்க் குடும்பத்து வயதான பெண் எழுந்து இடம் விட வேண்டும்.

இந்தக் கணக்கு அந்தக் குரங்குகளுக்கே தெரியுமா? 2003-ல் வெளியான ஒரு பரிசோதனை இதைச் சோதித்தது. புதருக்குள் ஸ்பீக்கரை ஒளித்துவைத்து, பதிவு செய்த குரல்களை வெட்டி ஒட்டிப் போட்டார்கள். கீழே இருப்பவள் மிரட்டுகிறாள், மேலே இருப்பவள் அலறுகிறாள் என்று ஒரு தலைகீழ் சண்டை. ஒரே குடும்பத்துக்குள் அப்படி நடந்ததாகக் கேட்டபோது மற்றவை பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கீழ்க் குடும்பத்தவள் மேல் குடும்பத்தவளை மிரட்டியதாகக் கேட்டபோது ரொம்ப நேரம் ஸ்பீக்கர் பக்கமே பார்த்தன. அதாவது தனி ஆளின் ரேங்க், அவள் எந்தக் குடும்பம் என்ற இரண்டும் சேர்ந்தே அவற்றின் தலைக்குள் இருக்கிறது. புரோகிராமர் பாஷையில் சொன்னால் வெறும் லிஸ்ட் இல்லை, ட்ரீ.

இந்த உறவுகளை எல்லாம் கட்டி வைத்திருப்பது பேன் பார்க்கும் வேலை. உண்ணி எடுப்பது ஒரு பக்கம். யார் யாருக்கு வேண்டியவர் என்பதும் அதில்தான் தெரியும். பெரும்பாலும் அம்மா, மகள், அக்கா, தங்கைக்குள்தான் நடக்கும். கென்யாவின் அம்போசெலியில் 16 வருஷப் பதிவுகளை வைத்து ஜோன் சில்க் குழுவினர் 2003-ல் ஒன்று சொன்னார்கள். மற்றவர்களோடு அதிகம் ஒட்டிப் பழகும் பெண்களின் குட்டிகள்தான் முதல் வருஷத்தைத் தாண்டுவது அதிகம். அம்மாவின் அந்தஸ்து எதுவானாலும் இதேதான்.

சரி, அந்த உறவு செத்துப்போனால்?

மொரெமியில் சில்வியா என்று ஒருத்தி. வயது 23, உயர்ந்த அந்தஸ்து, மற்றவர்களைச் சீண்டவே மாட்டாள். அவளுக்கு எல்லாமே மகள் சியரா. ஒருநாள் சியராவைச் சிங்கம் அடித்துவிட்டது. கொஞ்ச நாளில் சில்வியா செய்த காரியம் ஆய்வாளர்களுக்கே ஆச்சரியம்: தன்னைவிட ரொம்பக் கீழே இருந்த ஒருத்தியோடு உட்கார்ந்து பேன் பார்க்க ஆரம்பித்தாள்.

இது சில்வியாவோடு நிற்கவில்லை. ஆன் எங் என்பவரின் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பெண் குரங்குகளின் மலத்தைச் சேகரித்து அதில் மன அழுத்த ஹார்மோனை அளந்திருந்தார்கள். சிங்கம், சிறுத்தைக்கு நெருங்கிய உறவைப் பறிகொடுத்தவர்களுக்கு அடுத்த ஒரு மாதம் ஹார்மோன் ஏறியிருந்தது. அதே கூட்டத்தில் உறவை இழக்காத மற்றவர்களுக்கு அப்படி ஏறவில்லை. இழந்தவர்கள் ஒதுங்கிப் போகவும் இல்லை. முன்பைவிட அதிகம் பேருக்கு, அதிக நேரம் பேன் பார்த்தார்கள். இரண்டாவது மாதத்தில் அளவு பழைய நிலைக்கு வந்துவிட்டது.

இங்கே கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். ஹார்மோன் ஏறியது அளந்து பார்த்த உண்மை. அதைத் துக்கம் என்று சொல்வது நம் ஊகம். பேன் பார்த்ததால்தான் இறங்கியதா, நாள் ஆக ஆகத் தானாகவே இறங்கியதா என்பதும் இதை வைத்து முடிவாகாது.

இப்போது வீட்டுக் காரணம். போன வருஷம் பெரியம்மா தவறிவிட்டார். அம்மாவுக்கு அவர்தான் எல்லாம். தினமும் நாலு மணிக்கு அரை மணி நேரம் போன். அந்த போன் நின்றபிறகு, அதுவரை அபார்ட்மென்ட்டில் யாரிடமும் அதிகம் பேசாத அம்மா, வாட்ச்மேன் மனைவியோடு படிக்கட்டில் உட்கார ஆரம்பித்தாள். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. "ஏம்மா, எல்லாரும் பார்க்கறாங்க, உள்ள வந்து டிவி பாரேன்" என்று ஒருநாள் சொல்லியும்விட்டேன். ஒன்றும் பேசாமல் உள்ளே வந்தாள். டிவியும் போடவில்லை.

அம்மாவைக் குரங்கோடு ஒப்பிடுகிறானே என்று யாரும் கோபிக்க வேண்டாம். சில்வியாவைப் பற்றிப் படித்த அன்றுதான் நான் சொன்னது எவ்வளவு தப்பு என்று உறைத்தது. மறுநாள் நானே போய், "அந்த அக்கா வந்திருக்காங்க, போலையாம்மா?" என்றேன்.

நேற்று இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். நான் லிஃப்டில் ஏறி வந்துவிட்டேன்.