ஒரு ஜீப், 28 ஜாயிண்ட், வருடத்துக்கு 9 மணி நேரம்

2007-லிருந்து 2018 வரை வந்த ஜேகே ராங்லர் ஜீப்பின் அடியில் படுத்து எண்ணத் தொடங்கினால் கணக்கு இப்படி வரும். முன்னும் பின்னும் ஒற்றைத் துண்டு ஆக்சில். ஒவ்வோர் ஆக்சிலையும் சேசியோடு பிடித்திருப்பவை நான்கு கன்ட்ரோல் ஆர்ம்கள். எட்டு ஆர்ம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை: 16. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் பேன்ஹார்ட் ராடு முன்னே ஒன்று, பின்னே ஒன்று: 4 முனை. முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடில் 2, ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் டிராக் லிங்க்கில் 2. சக்கர நக்கிள்கள் திரும்புவதற்கான பால் ஜாயிண்ட் 4. ஆக 28. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்வே பார் லிங்க்குகளின் 8 முனைகளைச் சேர்க்கவில்லை. அவை தேய்ந்தால் பெரும்பாலும் சத்தம்தான் வரும், வண்டி தடம் மாறாது.

இந்த 28-ல் ஆர்ம்களும் பேன்ஹார்ட் ராடுகளும் சேர்ந்த 20 முனைகளில் கம்பெனி போட்டுத் தருவது ரப்பர் புஷ். ரப்பர் முறுகிக் கொடுக்குமே தவிர உரசாது; ஆகவே கிரீஸ் தேவையில்லை, அதை ஏற்றும் நிப்பிளும் இல்லை. ஆனால் முறுகுவதற்கு ஓர் எல்லை உண்டு. சேசியை இரண்டரை அங்குலம், அதாவது 64 மி.மீ. தூக்கினால், அரை மீட்டர் நீள ஆர்ம் 7 பாகைக்குச் சற்று மேல் சாய்ந்துவிடும். பாறையில் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் தொங்கும்போது அதற்கு மேலும் வளைய வேண்டும். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 22 மைல் நீளும் ரூபிகான் டிரெயில் போன்ற பாதைகளுக்குப் போகிறவர்கள் புஷ்ஷை எடுத்துவிட்டு வளையும் ஜாயிண்ட் போடுவது இதனால்தான். கரி என்டர்பிரைசஸ் கொண்டுவந்த ஜானி ஜாயிண்ட் இதில் பேர் பெற்றது: நடுவில் எஃகு உருண்டை, இரு பக்கமும் யூரித்தேன் கிண்ணம், வெளியே ஸ்னாப் ரிங், உடம்பில் ஒரு கிரீஸ் நிப்பிள். மொத்தம் 30 பாகை வரை அசையும்.

அந்த நிப்பிளோடு ஒரு வேலையும் வீட்டுக்கு வருகிறது. விலைப்பட்டியலில் அது இருக்காது. ரப்பர் முறுகிய இடத்தில் இனி எஃகு யூரித்தேன்மேல் உரசும்.

எட்டு ஆர்மிலும் ஒரு முனைக்கு மட்டும் இப்படிப்பட்ட ஜாயிண்ட், பேன்ஹார்ட் ராடு இரண்டிலும் ஒவ்வொன்று, டை ராடிலும் டிராக் லிங்க்கிலும் நிப்பிள் உள்ள நான்கு எண்டுகள், கிரீஸ் ஏற்றக்கூடிய பால் ஜாயிண்ட் நான்கு என்று வைத்துக்கொள்வோம். 18 நிப்பிள். கைக் கிரீஸ் கன் ஒரு அழுத்துக்கு ஏறக்குறைய ஒரு கிராம் தரும்; கன்னுக்குக் கன் மாறும். 20 முறை ஒரு தாளில் அழுத்திச் சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தால் உங்கள் கன்னின் அளவு தெரிந்துவிடும். ஒரு ஜாயிண்டுக்கு 5 கிராம் என்றால் ஒரு சுற்றுக்கு 90 கிராம். வருடத்துக்கு 15,000 கி.மீ. ஓடும் வண்டிக்கு 5,000-க்கு ஒருமுறையாக 3 சுற்று. ஆறு, சேறு, அமெரிக்கப் பாலைவன ஊரான மோவாப் பக்கத்துச் செம்மணல் என்று போய்வந்த பிறகெல்லாம் ஒரு சுற்று, அதற்கு 6. ஆக 9 சுற்று, 810 கிராம். அமெரிக்கக் கடையில் கிடைக்கும் 14 அவுன்ஸ் கார்ட்ரிட்ஜில் 397 கிராம் இருக்கும். இரண்டு தீர்ந்து மூன்றாவதைத் திறக்க வேண்டியிருக்கும். ஒன்று சுமார் 10 டாலர். வருடக் கிரீஸ் செலவு 30 டாலர்.

தண்ணீரில் இறங்கிய பிறகு ஒரு சுற்று என்பதை நான் விடாப்பிடியாகச் சொல்வேன். நிப்பிளின் வாயைத் துணியால் துடைக்காமல் கன்னை மாட்டினால் அங்கே ஒட்டியிருக்கும் மணலை நாமே உள்ளே தள்ளுகிறோம். துடைத்துவிட்டு மெதுவாக அழுத்துங்கள். யூரித்தேன் ஓரத்திலிருந்து முதலில் சாம்பல் நிறத்தில், பால் கலந்ததுபோலத் தண்ணீர் ஏறிய பழைய கிரீஸ் வரும். பிறகு கறுப்பாக, விரலில் தேய்த்தால் நறநறவென்று. புது கிரீஸின் நிறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடலாம். ரப்பர் பூட் உள்ள பால் ஜாயிண்டிலும் டை ராடு எண்டிலும் இந்த அளவு பொருந்தாது. பூட் லேசாக உப்பியதுமே கை நிற்க வேண்டும்; கிழிந்த பூட் கிரீஸ் போடாத பூட்டைவிட மோசம். சிலர் போடும் உலோக உருண்டை மூட்டான ஹெய்ம் ஜாயிண்டில் டெஃப்லான் உறை இருந்தால் அதற்குக் கிரீஸே கூடாது. தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு உறையை அரித்துவிடும்.

இனி உதிரிப் பொருள். வளையும் ஜாயிண்ட் 10, அவற்றைப் பிரித்துப் புதுக் கிண்ணம் போட ஒன்றுக்குச் சுமார் 40 டாலர்: 400. டை ராடு எண்டு 4, சுமார் 60 வீதம்: 240. நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதாகப் பிரித்தால் வருடத்துக்கு 100-ம் 60-ம். கிரீஸோடு சேர்த்து 190 டாலர். பால் ஜாயிண்ட் மாற்ற நேர்ந்தால் அது தனி. அழுத்தி எடுக்கும் பிரஸ்ஸும் வேண்டும்.

மணி நேரம்தான் பெரிய செலவு. ஒரு நிப்பிளுக்குத் துடைத்து, ஏற்றி, மறுபடி துடைக்க 2 நிமிடம்: 36 நிமிடம். போல்ட்டுகளையும் ஆட்டத்தையும் பார்க்க இன்னும் 24. சுற்றுக்கு ஒரு மணி, வருடத்துக்கு 9 மணி. அமெரிக்க ஒர்க்ஷாப்பில் மணிக்கு 120 டாலர் என்றால் 1,080. பொருளுக்கு 190, கைக்கு 1,080. ஆர்ம் கிட் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி அந்த 9 மணி உங்களிடம் இருக்கிறதா என்பதுதான்.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மில்லிமீட்டரில் பார்த்துவிடலாம். 255/75 ஆர்17 டயரின் விட்டம் 814 மி.மீ. அதை எடுத்து 37 அங்குல டயர் போட்டால் 940. நக்கிளின் ஸ்டியரிங் ஆர்ம் 150 மி.மீ. என்று கொள்வோம். டை ராடு எண்டில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால், அந்த டயரின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே 6.3 மி.மீ. வேறுபாடு வந்து போகும். இப்படிப்பட்ட வண்டிகளுக்கு வழக்கமாக வைக்கும் டோ-இன், அதாவது முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவே, 1.6-லிருந்து 3.2 மி.மீ. வரைதான். டேப் பிடித்து நுணுக்கமாக வைத்த டோ-இன்னைப்போல இரு மடங்கை ஒரு ஜாயிண்டின் ஆட்டம் விழுங்கிவிடுகிறது. வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன் ஆக்சில் முழுதும் உதறத் தொடங்கும். ஜீப்காரர்கள் அஞ்சும் டெத் வாபிள் இது. 2019-ல் அப்போது ஜீப்பைத் தயாரித்த எஃப்சிஏ நிறுவனம், ஜேகேவுக்கு அடுத்து வந்த ஜேஎல் ராங்லர்களுக்கு இந்த உதறலுக்காகப் புதிய ஸ்டியரிங் டேம்பர் மாற்றித் தருவதாக அறிவித்தது. லிஃப்ட் போட்ட, ஓடித் தேய்ந்த வண்டியில் முதலில் டேம்பரை மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். டேம்பர் உதறலை அடக்கும். ஆட்டம் அப்படியே இருக்கும்.

ஆட்டத்தைத் தேட ஜாக்கி வேண்டாம். சக்கரம் தரையில் இருக்கட்டும், எஞ்சின் ஓடட்டும். துணைக்கு ஒருவர் ஸ்டியரிங்கைச் சற்று இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருக்க, ஒவ்வொரு மூட்டிலும் இரு பாகங்களையும் சேர்த்து விரலை வையுங்கள். ஒரு பாகம் நகர்ந்து மறு பாகம் தாமதித்தால் விரலுக்கு உடனே தெரியும். முதலில் பேன்ஹார்ட் ராடின் சேசி முனை. 9/16 அங்குலம் என்பது 14.29 மி.மீ.; அந்தத் துளையில் 14 மி.மீ. போல்ட் போட்டால் புதிதாகப் பூட்டும்போதே கிட்டத்தட்ட 0.3 மி.மீ. இடைவெளி. முறுக்கு தளர்ந்தால் துளை நீள்வட்டமாகிவிடும். பிறகு எந்த ஜாயிண்டை மாற்றியும் பயனில்லை. ஜேகேவில் அந்த போல்ட்டுக்கு 125 அடி-பவுண்டு, ஏறக்குறைய 170 நியூட்டன் மீட்டர். ரப்பர் புஷ் உள்ள முனைகளை வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் புஷ் நிற்கும்போதே முறுகிய நிலையில் இருந்து சீக்கிரம் கிழியும்.

வாரம் முழுதும் தார்ச்சாலையில் ஓடி வருடத்தில் ஓரிரு முறை மண் பாதை பார்க்கும் வண்டிக்கு அந்த 20 ரப்பர் புஷ்ஷையும் அப்படியே விட்டுவிடச் சொல்வேன். மிச்சமாகும் பணத்தில் நல்ல டார்க் ரெஞ்ச் ஒன்றும், பேன்ஹார்ட் ராடுக்குத் துளைக்குச் சரியான போல்ட்டும் வாங்கலாம்.