கருவி வந்துவிட்டது, காற்று வருகிறதா?

வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உதவும் ஹீட் பம்ப்புக்கான அமெரிக்க ஃபெடரல் வரிச் சலுகை 2025 டிசம்பர் 31 நள்ளிரவோடு முடிந்தது. அதற்கு முந்தைய சில வாரங்களில் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றியவைதான். நவம்பரிலேயே முழுப் பணமும் கட்டிவிட்டேன், மாட்டுகிற ஆள் ஜனவரியில்தான் வருகிறார், சலுகை உண்டா என்று டல்லாஸ் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார். வெளியே வைக்கும் யூனிட்டை வைத்துவிட்டார்கள், உள்ளே காற்றைத் தள்ளும் ஏர் ஹேண்ட்லர் அட்டிக்கில் இன்னும் ஏறவில்லை, இது எந்த வருடக் கணக்கு என்றார் அட்லாண்டா வாசகர். வட கரோலினாவிலிருந்து எழுதிய ஒரு தாயாரின் கேள்வி வேறு மாதிரி. எல்லாம் மாட்டி ஓட்டிக் காட்டிவிட்டார்கள், ஆனால் பிள்ளைகள் படுக்கும் மாடி அறைக்குக் காற்றே ஏறவில்லை. "புது மெஷின் மெதுவாகத்தான் ஓடும், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், இது உண்மையா?

முதல் இரண்டுக்கும் பதில் எளிது. 2022-ல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் 2032 வரை தருவதாகச் சொன்ன சலுகை இது: செலவில் 30 சதவீதம், ஹீட் பம்ப்புக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் வரை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதை ஏழு ஆண்டு முன்னதாக நிறுத்தியது. வரித்துறை பார்ப்பது பணம் கட்டிய தேதியை அல்ல. கருவி முழுவதுமாகப் பொருத்தப்பட்டுப் பயன்பாட்டுக்குத் தயாரான தேதியை. டல்லாஸ்காரருக்குச் சலுகை இல்லை. அட்லாண்டாக்காரருக்கு, ஏர் ஹேண்ட்லரும் அந்தத் தேதிக்குள் மாட்டி ஓட்டப்பட்டிருந்தால்தான் உண்டு.

மூன்றாவது கடிதத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. "பயன்பாட்டுக்குத் தயார்" என்று சட்டம் சொல்கிறதே, யார் சொல்வது தயார் என்று? வரிப் படிவம் 5695 செலவுத் தொகையைக் கேட்கும், தயாரிப்பு நிறுவனத்தின் அடையாளக் குறியீட்டைக் கேட்கும். அறைகளுக்குள் எத்தனை கன அடி காற்று போகிறது என்று அதில் எந்தக் கட்டமும் கேட்பதில்லை. நகராட்சி ஆய்வாளரும் பெரும்பாலும் வயரிங், தண்ணீர் வடிகால், பாதுகாப்பு இவற்றைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். ஆக, கருவி ஓடினாலே தயார். சரியாக ஓடுகிறதா என்பதை வீட்டுக்காரர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் சியர்2 என்ற செயல்திறன் எண்ணை நம்பிப் பயனில்லையா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அது ஆய்வுக்கூடத்தில் வாங்கிய மதிப்பெண். 2023 ஜனவரி முதல் சோதனை முறை கடுமையாக்கப்பட்டது உண்மைதான். முன்பு டக்ட்டின் எதிர்ப்பு 0.1, 0.2 அங்குல அளவில் இருப்பதாக வைத்துக்கொண்டு சோதித்தார்கள், இப்போது 0.5 அங்குலம். (தண்ணீரை அத்தனை அங்குலம் உயர்த்தும் காற்றழுத்தம் என்று பொருள். தொழிலில் இதை ஸ்டாட்டிக் பிரஷர் என்பார்கள்.) அதாவது, பல ஆண்டுகளாக நமக்கு விற்ற எண்கள் யார் வீட்டிலும் இல்லாத டக்ட்டில் அளந்தவை என்பதை அரசே ஒப்புக்கொண்டது. புதிய அளவும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அட்டிக்கில் நசுங்கிக் கிடக்கும் நெளிகுழாய், ஒரே ஒரு ரிட்டர்ன் கிரில், ஒரு அங்குல ஃபில்டர் என்று இருக்கும் வீட்டில் 0.5-ஐத் தாண்டுவது சாதாரணம்.

தாண்டினால் என்ன ஆகும் என்பது, உள்ளே இருக்கும் மோட்டாரைப் பொறுத்தது. இந்த மோட்டாரின் சாமர்த்தியத்தை நான் மனதார வியக்கிறேன். அதனால் வரும் கேடும் எனக்குக் கவலை தருகிறது.

பழைய வீடுகளில் இருந்த மோட்டாருக்கு ஒன்றும் தெரியாது. கறுப்பு வயரைக் கொடுத்தால் வேகம், நீலத்துக்கு நடுத்தரம், சிவப்புக்கு மெது. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், மோட்டார் இழுக்கும் மின்சாரமும் குறையும். வென்ட்டில் காற்று இல்லை என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், ஃபில்டரை மாற்றுவோம். குறை தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது.

1980களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வீட்டுக் கருவிகளுக்குக் கொண்டுவந்த மின்னணு மோட்டாரின் வழியில் வந்தவைதான் இன்றைய விலையுயர்ந்த ஏர் ஹேண்ட்லர்களில் இருப்பவை. காற்றை அளக்கும் உணர்கருவி எதுவும் இதில் கிடையாது. ஆனாலும் எத்தனை கன அடி தள்ளுகிறோம் என்று இந்த மோட்டார் அறிந்துவைத்திருக்கிறது. எப்படி? கருவியை உருவாக்கும்போது, அதே பெட்டி, அதே விசிறிச் சக்கரத்தோடு ஆய்வுக்கூடத்தில் வைத்து, இவ்வளவு வேகம், இவ்வளவு முறுக்குவிசை என்றால் இவ்வளவு காற்று என்று அளந்து, அந்தக் கணக்கை மோட்டாரின் சில்லுக்குள் பதித்துவிடுகிறார்கள். வீட்டில் ஓடும்போது தன் வேகமும் தன் முறுக்குவிசையும் அதற்குத் தெரியும்; மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. டக்ட் அடைத்தால் விசிறியைக் கடக்கும் காற்று குறையும், அதனால் விசிறியின் பளுவும் குறையும். அந்தச் சிறு தளர்வை உணர்ந்ததும் காற்று குறைந்துவிட்டது என்று புரிந்துகொண்டு வேகத்தைக் கூட்டுகிறது. நிமிடத்துக்குக் கேட்ட 1,200 கன அடியை எப்பாடுபட்டாவது கொடுக்கிறது.

குடும்பச் சுமை முழுவதையும் வாய் திறக்காமல் தாங்கும் மூத்த பிள்ளையைப் போன்றது இது. சாய்ந்து விழும்வரை வீட்டில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு வீட்டு டக்ட் நிமிடத்துக்கு 1,000 கன அடி காற்றை 0.5 அங்குல எதிர்ப்பில் கடத்துகிறது. இரண்டரை டன் கருவிக்கு (டன் என்பது குளிர்விக்கும் திறனின் அளவு) அது போதும், டன்னுக்கு 400 என்பது தொழிலின் வழக்கம். மாற்றும்போது "கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிடலாம் சார்" என்று மூன்று டன் விற்கிறார்கள். டக்ட் அதேதான். இப்போது 1,200 கன அடி போக வேண்டும். டக்ட்டின் எதிர்ப்பு காற்றின் அளவோடு இருபடியாக ஏறும்: 0.72 அங்குலம். விசிறிக்குத் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ முப்படியாக ஏறும்: 73 சதவீதம் கூடுதல். காற்றில் கூடியது 20 சதவீதம்தான். தாள்களில் எழுதிய செயல்திறன் போகும் வழி இது. அதிக அழுத்தத்தில் அட்டிக்கிலுள்ள டக்ட் இணைப்புகள் இன்னும் அதிகமாக ஒழுகும். தள்ளிய காற்றில் ஒரு பங்கு கூரைக்கடியில் போகும். மோட்டார் 1,200 கொடுத்துவிட்டேன் என்று நினைக்கும். மாடி அறைக்கு வந்தது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

வட கரோலினா அம்மாவுக்குச் சொல்லப்பட்டதில் பாதி உண்மை. இவ்வகைக் கருவிகள் முதல் சில நிமிடங்கள் குறைந்த வேகத்தில் ஓடி, பிறகு ஏறும்படி அமைக்க வழி உண்டு. ஈரப்பதத்தை எடுக்க அது நல்லதும்கூட. ஆனால் அரைமணி நேரம் கழித்தும் மாடிக்குக் காற்று வரவில்லையென்றால் அதற்குப் பெயர் புது மெஷின் சுபாவம் அல்ல. காற்றளவை அமைக்கும், போர்டில் இருக்கும் டிப் சுவிட்ச்சுகள் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே கிடக்கலாம். மாடிக்குப் போகும் டக்ட் கழன்றோ நசுங்கியோ இருக்கலாம். எது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. பார்க்காமல் சொன்னவரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

கூப்பிட்டு என்ன கேட்பது? ஒரே எண். மொத்த ஸ்டாட்டிக் பிரஷர் எவ்வளவு? பெட்டிக்குக் காற்று நுழையும் பக்கம், ஃபில்டருக்கும் கருவிக்கும் நடுவே ஒரு சிறு துளை. காற்று வெளியேறும் பக்கம் இன்னொன்று. மானோமீட்டரின் குழாயை இரண்டிலும் மாறி மாறிச் செருகினால் ஒரு பக்கம் மைனஸ் 0.30, மறுபக்கம் பிளஸ் 0.35 என்பதுபோல் காட்டும். குறிகளை விட்டுவிட்டுக் கூட்டினால் 0.65. கருவியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் அதிகபட்சம் என்ன என்று போட்டிருக்கும்; பலவற்றில் 0.5. இந்த இரண்டு எண்களையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பதினைந்து நிமிட வேலை. கலிஃபோர்னியாவில் டக்ட் வைத்த புதிய கூலிங் அமைப்புகளில் டன்னுக்குக் குறைந்தது 350 கன அடி காற்று வருவதையும் விசிறி இழுக்கும் மின்சாரத்தையும் அளந்து, மாட்டியவர் அல்லாத மூன்றாம் ஆள் சரிபார்க்க வேண்டும் என்று கட்டட விதியே இருக்கிறது. அங்கே முடிகிறது என்றால் டெக்சாஸில் முடியாதென்று சொல்லக் காரணம் இல்லை.

வரிசையும் முக்கியம். முதலில் காற்று, பிறகுதான் கேஸ், அதாவது குழாய்களுக்குள் ஓடும் குளிர்பதன வாயு. காற்று சரியில்லாமல் கேஸ் அழுத்தத்தைப் பார்த்துக் கூட்டுவதும் குறைப்பதும் தவறான கணக்கில் முடியும். வென்ட்டில் கையை வைக்கச் சொல்லி "எவ்வளவு ஜில்லென்று இருக்கிறது பாருங்கள்" என்பார்கள். கூலிங் ஓடும்போது உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் இயல்பு. அதற்கு மேல் ஜில்லென்றால் காயிலைக் கடக்கும் காற்று போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். போகப்போகக் காயிலில் ஐஸ் கட்டும்.

குளிர்காலத்தில் மாட்டுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். வெளியே குளிராக இருக்கும்போது கூலிங்கில் ஓட்டிப் பார்த்துக் கேஸ் அளவை நம்பகமாகச் சரிபார்க்க முடியாது. குழாய் நீளத்துக்கு ஏற்ப எடை போட்டு நிரப்பிவிட்டுப் போவார்கள். அது சரியான முறைதான். ஆனால் வெயில் வந்த பிறகு ஒருமுறை வந்து சரிபார்க்க வேண்டும். ஏப்ரலில் கட்டணமில்லாமல் வருவோம் என்று மாட்டும்போதே எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்த பிறகு உங்கள் அழைப்புக்கு அவர்களிடம் அவசரம் இருக்காது.

இதையெல்லாம் பெரிதுபடுத்துகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகமான நிஸ்ட் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, டக்ட் ஒழுகல், தவறான கேஸ் அளவு, தவறான காற்றளவு, அளவுக்கு மீறிய கருவி போன்ற பொருத்தும் குறைகளால் ஹீட் பம்ப்பின் மின்செலவு 30 சதவீதம் வரை ஏறக்கூடும் என்றது. வரிச் சலுகை ஒருமுறை வந்த 30 சதவீதம். இது மாதா மாதம் போகும் 30 சதவீதம்.

மற்றக் கேள்விகள்:

ஹீட்டில் வைத்தால் குளிர்காற்றும், கூலில் வைத்தால் சூடான காற்றும் வருகிறதா? தெர்மோஸ்டாட்டில் ஓ, பி என்ற அமைப்பு தலைகீழாக இருக்கிறது, மாற்றினால் சரியாகும்.

திரையில் "ஆக்ஸ்" என்று அடிக்கடி வருகிறதா? மின்கம்பிச் சுருள் எரிகிறது, ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் கிடைக்கும். எத்தனை டிகிரிக்குக் கீழே அது வரலாம் என்று வரம்பு வைக்கச் சொல்லுங்கள்.

"எமர்ஜென்சி ஹீட்"? ஹீட் பம்ப் பழுதானால் மட்டும். சும்மா போட்டு வைக்க வேண்டாம்.

ஃபேன் ஆனிலா, ஆட்டோவிலா? ஹூஸ்டன், டாம்பா போன்ற புழுக்கமான ஊர்களில் ஆட்டோ; ஆனில் விட்டால் காயிலில் நின்ற ஈரம் திரும்ப வீட்டுக்குள் வரும்.

யாரும் இல்லாத அறைகளின் வென்ட்டை மூடலாமா? வேண்டாம், மேலே சொன்ன அழுத்தம் ஏறும்.

ஒவ்வாமைக்காக மெர்வ் 13 ஃபில்டர்? நான்கு அங்குலத் தடிமனுக்கு இடம் இருந்தால் தாராளமாக; ஒரு அங்குலத்தில் போட்டால் அழுத்தத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது? வடிகால் குழாயின் வளைவில் தண்ணீர் ஊற்றி நிரப்பினார்களா, மிதவைச் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று கேளுங்கள்.

வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அந்தச் சலுகை இருந்ததா? நீங்கள் அதில் குடியிருக்கவில்லை என்றால் இல்லை.

2025-ல் வரி குறைவு, மீதிச் சலுகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாமா? முடியாது.

மாட்டுகிறவர் மானோமீட்டரே வைத்திருக்கவில்லை என்கிறாரே? வேறு ஆளைத் தேடுங்கள். 2025 டிசம்பருக்குள் கிடைக்காதவர்களுக்கும், 2,000 டாலரை விட்டுவிட்டு, பிப்ரவரியில் அளந்து மாட்டுகிறவரிடம் கொடுங்கள் என்பதே என் யோசனையாக இருந்தது. அந்தப் பெட்டி உங்கள் அட்டிக்கில் பதினைந்து வருடம் இருக்கப் போகிறது.