கேப்டனும் பாதிரியாரும்

தூத்துக்குடி துறைமுகத்தில், ஒரு கிளியரிங் ஆபீஸில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். முதலாளி ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். திங்கட்கிழமை லோடுமேன் கூலியில் பத்து ரூபாய் பிடிப்பார்.

"வேதக்காரங்களே இப்படித்தாம்ல" என்பான் என் சிநேகிதன்.

ஹெட்கிளார்க் அண்ணாச்சியும் வேதக்காரர்தான். பிடித்த பத்தைத் தன் சட்டைப்பையிலிருந்து என்னிடம் தந்து, "மொதலாளி குடுத்தாருன்னு சொல்லுடே" என்பார். பி.காம். படித்தவனுக்கு இது எந்தப் பேரேட்டிலும் ஏறாத வரவு!

இந்த ஊருக்கு இது புதுசில்லை. முத்துக்குளிக்கும் பரதவர்கள் 1530-களில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நம்பி ஞானஸ்நானம் வாங்கினார்கள். பாதுகாக்க வேண்டிய கேப்டன் காஸ்மே தெ பைவா அவர்களையே கொள்ளையடித்தார். 1542-ல் வந்த பிரான்சிஸ் சவேரியாருக்கும் அவருக்கும் இதனாலேயே ஆகாது.

1544 செப்டம்பரில் தூத்துக்குடி தாக்கப்பட்டது. கேப்டனின் கப்பலும் வீடும் எரிய, மனுஷர் தீவுக்கு ஓடினார். நானாக இருந்தால், 'நல்லா வேணும்' என்று இலையை விரித்துச் சாப்பிட்டிருப்பேன். சவேரியாரோ தன் சகா மான்சிலாஸுக்கு அவசரக் கடிதம் எழுதினார்: புன்னைக்காயல் ஆட்களோடு தோணிகளில் குடிதண்ணீர் ஏற்றிப் போய் உதவு. நான் வந்தால் கேப்டனுக்குப் பிடிக்காது!

தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று 'சேவியர்' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். 'பைவா' என்று கூப்பிட்டுப் பாருங்களேன்.

அண்ணாச்சி சொன்னபடி நான் ஒருநாளும் சொன்னதில்லை. "ஹெட்கிளார்க் குடுத்தாரு" என்றுதான் கொடுத்தேன். ஆகஸ்ட் 5, பனிமய மாதா சப்பரம் பார்க்க அந்த லோடுமேன்கள், பாதிப் பேர் நெற்றியில் திருநீறோடு, அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில்தான் வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு நடுவில் என் சிநேகிதனும்.