படம் வரையும் பிள்ளை



சென்ற மாதம், தம்போயில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கீழே ஓர் அம்மாவைச் சந்தித்தேன். முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“ஐயா, என் பேரன் எந்நேரமும் படம் கிறுக்கிக்கிட்டே இருக்கான். கணக்கு நோட்டு பூரா படந்தான். நேத்து கோபத்துல அந்தப் பக்கத்தையெல்லாம் கிழிச்சுப்புட்டேன். படம் சோறு போடுமா, நீங்களே சொல்லுங்க” என்றார்.

நியாயமான கேள்விதான். உழைத்துக் களைத்த தாய்மார்கள் பலருடைய மனத்தில் உள்ள கேள்வி. ஆகவே, நம் நாட்டுப் படக்கலைஞர் ஒருவர் எப்படி உருவானார், எதைக் கண்டு வரைந்தார் என்பதை இன்று பார்ப்போம். விடை அதிலேயே இருக்கிறது.

‘லாட்’ என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய இயற்பெயர் முகமட் நோர் காலிட். 1951-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள், பேராக் மாநிலத்தில் கோப்பெங் வட்டாரத்துக் கம்பம் ஒன்றில் பிறந்தார். குழந்தையில் உருண்டையாக இருந்ததால் ‘புலாட்’ என்று வீட்டார் அழைத்தார்கள். மலாய் மொழியில் அதற்கு உருண்டை என்று பொருள். அந்தச் செல்லப் பெயரே சுருங்கி ‘லாட்’ ஆனது. தந்தை இராணுவத்தில் கிராணியாக இருந்தார். தாய் வீட்டைப் பார்த்துக்கொண்டார். வசதியான குடும்பம் அன்று.

அந்த வீட்டில் பிள்ளை படம் வரைவதை யாரும் தடுக்கவில்லை. ஒன்பது வயதிலேயே படக்கதைகள் வரைந்து நண்பர்களுக்கு விற்று, குடும்ப வருமானத்துக்கு உதவினார். துவக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியை, பாடத்துக்கு வேண்டிய படங்களை அவரையே வரையச் சொன்னார். நேயர்களே, இதை மனத்தில் வையுங்கள். அந்த ஆசிரியை பிள்ளையின் ஆசையைப் பாடத்துக்கு எதிரியாக்கவில்லை, துணையாக்கினார்.

1964-இல், பதின்மூன்று வயதில், ‘தீகா செக்காவான்’ என்ற முதல் படக்கதை நூல் வெளிவந்தது. அனுப்பியவர் பெரியவர் என்று எண்ணிய பதிப்பகத்தார் 25 வெள்ளி கொடுத்தார்கள். 1968-இல் ‘பெரித்தா மிங்கு’ ஞாயிறு இதழில் அவருடைய தொடர் படக்கதை தொடங்கியது. அது 26 ஆண்டுகள் வந்தது.

இதனால் பாதை முழுவதும் பூப்பந்தல் என்று எண்ணிவிடாதீர்கள். பள்ளி முடித்ததும் கோலாலம்பூர் சென்று, பத்திரிகையில் படம் வரையும் வேலை கேட்டார். அந்த வேலை காலியில்லை. குற்றச் செய்திகளைத் திரட்டும் நிருபர் வேலைதான் கிடைத்தது. அதை ஏற்றுக்கொண்டார். பகலில் செய்தி தேடி அலைந்தபோது பட்டணத்தின் பலவகை மனிதர்களைக் கண்டார். படம் வரைவதையும் விடவில்லை. 1974-இல் மலாய்ச் சிறுவர்களின் சுன்னத்துச் சடங்கைப் பற்றி அவர் வரைந்த படங்கள் ஹாங்காங்கிலிருந்து வந்த ‘ஏசியா மேகசின்’ இதழில் வெளிவந்தன. அதன் பிறகுதான் அவருடைய நிறுவனமே அவரைப் படக்கலைஞராக அமர்த்தி, இலண்டனில் நான்கு மாதம் ஓவியம் பயிலவும் அனுப்பியது.

1979-இல் ‘தி கம்போங் பாய்’ நூல் வந்தது. கம்பத்துப் பையன் என்று சொல்லலாம். அதில் அரசர்களும் இல்லை, வீரதீரச் செயல்களும் இல்லை. ஆற்றில் குளிக்கிற பிள்ளைகள், ஓதக் கற்கும் திண்ணை, குடும்பத்தின் சிறு ரப்பர்த் தோட்டம் இவைதான் இருக்கின்றன. ஈயம் தோண்டும் மாபெரும் இயந்திரம் கம்பத்தை நெருங்கி வருவதும் இருக்கிறது. பையன் மேற்படிப்புக்கு ஈப்போ புறப்படும்போது, திரும்பி வருகையில் இந்தக் கம்பம் இருக்குமோ இருக்காதோ என்ற கவலையோடு கதை முடிகிறது. அந்த நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 2002-இல் ஜப்பானின் ஃபுக்குவோக்கா ஆசியப் பண்பாட்டுப் பரிசும் லாட்டுக்குக் கிடைத்தது. சாதாரணமான நம் வாழ்க்கையில் படம் வரைய என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

சரி, ஒரு படக்கலைஞர் எப்படி வேலை செய்கிறார்? மூன்று படிகளாகச் சொல்லலாம்: பார்த்தல், தேர்ந்தெடுத்தல், தீட்டுதல்.

முதலாவது பார்த்தல். தமிழகத்தில் ‘சில்பி’ என்று ஒருவர் இருந்தார். 1919-இல் நாமக்கல்லில் பிறந்த சீனிவாசன் என்பவர். ஆனந்த விகடனில் அவர் தீட்டிய கோயில் சிற்பங்கள் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்ற தலைப்பில் பல ஆண்டுகள் வெளிவந்தன. அவர் வீட்டில் இருந்துகொண்டு நினைவிலிருந்து வரையவில்லை. ஊர் ஊராகச் சென்று, சிற்பத்தின் எதிரே அமர்ந்து, கண்ணால் கண்டு வரைந்தார்.

நம் வேலையையே எடுத்துக்கொள்வோம். பால் நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் தூக்கி நடக்கும் பெண்ணின் நடை வேறு. வெறும் வாளியோடு திரும்பும் நடை வேறு. பாரம் இருக்கும்போது தோள் ஒருபக்கம் தாழும், அடி குறுகும், கால் விரையும். பாராதவர் இரண்டையும் ஒன்றாகவே வரைந்துவிடுவார்.

இரண்டாவது தேர்ந்தெடுத்தல். அதிகாலைப் பெரட்டில் நூறு காட்சிகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தாளில் திணித்தால் எதுவும் நெஞ்சில் நிற்காது. தன் பெயர் கூப்பிடும் நேரத்தில், நெற்றி விளக்கை அவசரமாகக் கட்டிக்கொள்ளும் ஒருத்தியை மட்டும் வரைந்தால், அந்த விடியற்காலை முழுவதும் தெரிந்துவிடும்.

மூன்றாவது தீட்டுதல். முதலில் பென்சிலால் மெல்லிய கோடு போடுகிறார்கள். உருவம் சரியாக அமையும்வரை திருத்துகிறார்கள். அதன்மேல் மையால் அழுத்தமாகக் கோடிட்டு, மை காய்ந்தபின் பென்சில் கோட்டை அழிக்கிறார்கள். அழிப்பதற்கு எது? நம் மரப்பால் தந்த ரப்பர்தான்! 1770-இல் இங்கிலாந்து அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி, பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்க இந்தப் பொருள் உதவுவதை எழுதி வைத்தார். தேய்ப்பது என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் ‘ரப்பர்’ என்ற பெயரே வந்தது. டயர் வருவதற்கு வெகு காலம் முன்பே ரப்பர் படக்காரரின் துணையாக இருந்திருக்கிறது. இப்போது பல அழிப்பான்கள் செயற்கைப் பொருளால் ஆனவை என்றாலும், பெயர் நம் மரத்தோடு சேர்ந்ததுதான்.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். படம் சோறு போடுமா? சிலருக்குப் போடும். பாடநூல், பத்திரிகை, விளம்பரம், அசையும் படம் ஆகிய எல்லாவற்றுக்கும் வரைகிறவர் வேண்டும். எல்லோருக்கும் போடும் என்று நான் சொல்ல மாட்டேன். லாட் கூட நிருபர் சம்பளத்தில்தான் தொடங்கினார். ஆகவே பிள்ளை கணக்கையும் படிக்கட்டும். படத்துக்கென்று தனியாக ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். படம் வரைந்து காட்டினால், “யார் இது? கையில் என்ன வைத்திருக்கிறார்?” என்று கேளுங்கள். கேள்வி கேட்டால் பிள்ளையின் கண் கூர்மையாகும்.

இதில் சோற்றைவிடப் பெரிய ஒன்றும் உண்டு. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். நாம் பிறந்த லயங்களின் சுவர்கள் பல இன்று இல்லை. ஜொகூரில் ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனையோ வீடுகளோ தொழிற்சாலைகளோ நிற்கின்றன. பெரட்டுக்களமும் ஆயக்கொட்டகையும் எப்படி இருந்தன என்று கண்டவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்தாம். வரையும் கை பேரப்பிள்ளையிடம் இருக்கிறது. பார்த்த கண் பாட்டியிடம் இருக்கிறது. இரண்டும் சேர வேண்டும்.

அன்று அந்த அம்மாவிடம், கிழித்த தாள்கள் எங்கே என்று கேட்டேன். எறிய மனம் வராமல் மடித்து வைத்திருந்தார். கொண்டுவந்து காட்டினார். ஒரு தாளில் மரங்களுக்கு நடுவே ஒரு பெண் நிற்கிறாள். தலையில் ஒரு வாளி. கீழே ‘பாட்டி’ என்று எழுதியிருந்தது.

அந்த அம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, “வாளி தலையில இல்லடா, தோள்ல. ரெண்டு வாளி. உட்காரு, சொல்றேன்” என்றார்.