ஆவியாகும் உலோகமும் ஜாவர் சுரங்கமும்

கூரைக்கு வேயும் நெளித்தகட்டைத் தகரம் என்றே மக்கள் வழங்குகின்றனர். உண்மையில் அஃது இரும்புத் தகடு. துருவேறாமல் காப்பதற்காக அதன்மேல் பூசப்பெறுவது துத்தநாகம்.

இவ்வுலோகத்தைத் தாதுவிலிருந்து பிரிப்பது எளிதன்று. இரும்புத் தாதுவைக் கரியோடு சேர்த்துச் சுட்டால் இரும்பு உலையிலேயே தங்கும். துத்தநாகமோ 907 பாகை வெப்பத்திலேயே கொதிக்கும். அதைத் தாதுவிலிருந்து விடுவிக்கவோ அதனினும் மிகுந்த வெப்பம் வேண்டும். ஆகவே அது பிறக்கும்போதே ஆவியாய்ப் பிறக்கிறது. காற்றுப் பட்டவுடன் எரிந்து வெண்பொடியாகிறது.

இச்சிக்கலை வென்ற இடம், இராஜஸ்தானத்தில் உதயப்பூருக்குத் தெற்கே ஆரவல்லி மலைத்தொடரிலுள்ள ஜாவர் ஆகும். அங்குள்ள டாலமைட் பாறைகள் 100 கோடி ஆண்டுகளினும் மிகப் பழையவை. பண்டைக் கடலடியில் படிந்தவை. துத்தநாகமும் ஈயமும் இரும்பும் கந்தகத்தோடு கூடி அப்பாறைகளில் செறிந்துள்ளன. 2000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அங்குச் சுரங்கம் அகழ்ந்தனர்.

ஜாவர்க் கொல்லர் கண்ட வழி யாது? வறுத்துக் கந்தகம் போக்கிய தாதுவைக் கரியோடு கலந்து, கத்தரிக்காய் வடிவான மண்குடுவைகளில் இட்டனர். வாயில் மண்குழாயைப் பொருத்தித் தலைகீழாக நிறுத்தினர். மேலறையில் தீ, கீழறையில் குளிர்ச்சி. ஆவி குழாய் வழியே கீழிறங்கி, காற்றோடு கலந்து எரியாமல், குளிர்ந்து துளித்துளியாய் வடிந்தது. ஓர் உலையில் 36 குடுவைகள் அடுக்கப்பெற்றன. 1983இல் நடந்த அகழாய்வில் இத்தகைய உலைகள் வெளிப்பட்டன.

இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் துத்தநாகம் வடிக்கும் முறைக்கு உரிமம் பெற்றது 1738இல். அதுவும் கீழ்நோக்கி வடிக்கும் முறையே. ஜாவரில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இத்தொழில் பேரளவில் நடந்தது. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. தொழிலோடு அதன் நுட்பமும் மறைந்தது.

இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் 1966இல் தோன்றியது. மோச்சியா, பலாரியா, ஜாவர் மாலா, பரோய் ஆகிய சுரங்கங்கள் இன்றும் ஜாவரில் இயங்குகின்றன. வெட்டிய தாதுவை அரைத்து நீரில் கலந்து நுரைக்கச் செய்து, உலோகத் துகள்களை நுரையோடு மிதக்கவிட்டுப் பிரிக்கின்றனர். அத்துகள்களை வறுத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மின்சாரம் பாய்ச்சித் தூய துத்தநாகம் பெறுகின்றனர். ஆவியைப் பிடிக்கவேண்டிய தேவை இம்முறையில் இல்லை.

பழங்கொல்லர்களின் பெயர் எவருக்கும் தெரியாது. ஆயினும், வேலை முடிந்த குடுவைகளைச் செங்கல்போல் அடுக்கி எழுப்பிய சுவர்கள் ஜாவரில் இன்னும் நிற்கின்றன. அறிவு ஏட்டில் மட்டுமன்று, தொழிலாளர் கையிலும் வாழ்ந்தது என்பதற்கு அச்சுவர்களே சான்று.