உஷார்! வால்பேப்பர் கேட்டால் வைரஸ் வருகிறது

ஒரு தளத்தில் படத்தை அப்லோட் செய்தால் படமோ வீடியோவோதான் திரும்பி வர வேண்டும். ஜிப் கோப்பு வந்தால் திறக்காதீர்கள். எதையாவது இன்ஸ்டால் செய்யச் சொன்னால் அந்தப் பக்கத்தை உடனே மூடுங்கள். அனிமே படங்களை அசையும் வால்பேப்பராக மாற்றும் பிள்ளைகள் அத்தனை பேரும் இதை இன்றே தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றவர்களும்தான். இந்த வழியாக வரும் திருடன், வீட்டுக் கணினியிலுள்ள மெயில், பாஸ்வேர்டு, வங்கி விவரம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறான்.

தாஞ்சிரோ, லூஃபி போன்ற அனிமே நாயகர்களைத் திரையில் வைக்க ஆசைப்படுகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சமூக வலைதளத்தில் சுருங்கிப்போன படம். 4கே திரைக்கு 3,840க்கு 2,160 பிக்சல் வேண்டும். 960 பிக்சல் அகலமுள்ள படத்தை நான்கு மடங்கு இழுத்தால் கோடுகளெல்லாம் மங்கிவிடும். அதைச் சரிசெய்ய, படத்தைத் தெளிவாகப் பெரிதாக்கும் அப்ஸ்கேலர் தேவை. முடி பறக்க வேண்டும், கண் சிமிட்ட வேண்டும் என்றால் முடி, முகம், பின்னணி என ஒவ்வொன்றையும் தனி லேயராக வெட்டி, மறைந்திருந்த இடத்தை வரைந்து நிரப்பி, அதன்பின் அசைவு கொடுக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ‘படத்தைப் போடுங்கள், ஒரே கிளிக்கில் ஏஐ அசைய வைக்கும், இலவசம்’ என்று ஒரு விளம்பரம் வந்தால் கை தானாகப் போகாதா? அந்தக் கையைத்தான் பிடிக்கிறார்கள்.

2025 மே மாதம் மார்ஃபிசெக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ‘நூடுலோஃபைல்’ என்னும் திருட்டு மென்பொருளை அம்பலப்படுத்தியது. ஃபேஸ்புக்கில் இலவச ஏஐ கருவி என்று ஆள் பிடித்து, போலித் தளத்தில் படத்தை ஏற்றச் சொல்லி, ‘உங்கள் வீடியோ தயார்’ என்று ஒரு ஜிப் கோப்பைக் கொடுத்தார்கள். உள்ளே இருந்த கோப்பின் பெயரில் எம்பி4 என்று இருந்தது. அதற்குப் பின்னால் இஎக்ஸ்இ என்றும் இருந்தது. அது வீடியோவே இல்லை, புரோகிராம். அதே மாதம் செக் பாயிண்ட் நிறுவனம், கிளிங் ஏஐ என்ற உண்மையான சேவையின் பெயரில் நடந்த இதே போன்ற மோசடியை வெளியிட்டது. அங்கே படக் கோப்பின் பெயருக்கும் இஎக்ஸ்இ-க்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை நிரப்பி, வாலை மறைத்திருந்தார்கள். இவை அனிமே ரசிகர்களுக்கென்றே விரித்த வலைகள் அல்ல. ஆனால் அவர்கள் தினமும் நடக்கிற பாதையில் விரித்த வலைகள்.

எண்ணிக்கை வேண்டுமா? லும்மா என்ற இன்னொரு திருட்டு மென்பொருள் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை, இரண்டே மாதங்களில், 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

‘ஓடிபி இருக்கிறதே, என்ன ஆகிவிடும்?’ என்று அலட்சியமாக இருக்காதீர்கள். இந்தத் திருட்டு மென்பொருள்கள் பிரௌசரில் இருக்கும் குக்கீகளையும் திருடுகின்றன. நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்த கணக்குக்குள் அந்தக் குக்கீயை வைத்தே நுழைந்துவிட முடியும். பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்கப்படாமலே மெயில் கைமாறிவிடும்.

இப்போதே செய்ய வேண்டியவை

• விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் வாலை மறைத்தே காட்டும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை ஆன் செய்யுங்கள். கடைசியில் இஎக்ஸ்இ, எஸ்சிஆர் என்று முடிந்தால் அது படமே அல்ல.

• அசையும் வால்பேப்பருக்கான வால்பேப்பர் எஞ்சின் மென்பொருளை ஸ்டீமில் விலை கொடுத்து வாங்குங்கள். ‘கிராக்’ செய்த திருட்டுப் பதிப்பு வேண்டாம். ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னாலோ, ஜிப் கோப்புக்குப் பாஸ்வேர்டு கொடுத்தாலோ சந்தேகமே வேண்டாம், விலகுங்கள்.

• இலவசமாகவே நல்ல கருவிகள் இருக்கின்றன. அனிமே படங்களுக்காகவே 2015-இல் வந்த வைஃபு2எக்ஸ், 2021-இல் வந்த ரியல்-இஎஸ்ஆர்கான், அப்ஸ்கேல் ஆகிய மூன்றும் ஓப்பன் சோர்ஸ் அப்ஸ்கேலர்கள். அசையும் வால்பேப்பருக்கு லைவ்லி வால்பேப்பர் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே கிடைக்கிறது. தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தவிர்த்து, அசல் முகவரியைப் பார்த்துப் போங்கள்.

• மொபைலில் ஒரு வால்பேப்பர் ஆப் எஸ்எம்எஸ், கான்டாக்ட்ஸ், அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்டால் உடனே நீக்குங்கள். படம் மாற்ற அவை எதுவும் தேவையில்லை.

அப்படிப்பட்ட கோப்பை ஏற்கெனவே திறந்துவிட்டீர்களா?

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். அந்தக் கணினியில் பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், புதியதும் திருடுபோகும். வேறொரு சாதனத்திலிருந்து மெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். அப்போதுதான் திருடிய குக்கீ செல்லாமல் போகும். அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள். கணினியில் விண்டோஸைப் புதிதாக ஏற்றாமல் மறுபடி பயன்படுத்த வேண்டாம். இந்தியாவில் பணம் போயிருந்தால் 1930-ஐ உடனே அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து சொன்னால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து அவர்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குக் கிடைக்கும் நேரம். ‘சொன்னது நல்லது’ என்று சொல்லிவிட்டு, கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.